ஏழாம் எண் கட்டை

தம்பி,

கடைச் சாவியோடு இந்தத் தாள்களையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் உட்கார்ந்து படித்துவிடு. புதன்கிழமை காலையில் கடைக்குப் பேப்பர் வாங்க நான் பாரிமுனைக்குப் போவது வழக்கம் என்பதால் நீ என்னைத் தேடமாட்டாய். ஆனால் இந்தப் புதன் நான் அங்கே போகவில்லை, காஞ்சிபுரத்துக்குப் போகிறேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். போகாதே என்று நீ சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. நேரில் பேசினால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய், அல்லது நான் அழுதுவிடுவேன். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லாரிகள் அதிகம் வராத நேரத்தில், ஜெராக்ஸ் மெஷின் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு வேலைக்கான ஆர்டர் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இந்தப் புதன் தாண்டி வரும் திங்கள் முதல் நீ தொழிற்சாலை வாசலில் நின்று, உள்ளே வரும் லாரிகளைச் சோதித்து அனுப்பப்போகிறவன். டிப்ளமோ முடித்து இரண்டு வருஷம் உற்பத்தி லைனில் தினக்கூலி மாதிரி நின்றவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான், டிரைவர் ஏழுமலையின் வழக்கில் சாட்சி சொல்லப்போகிறேன் என்றேன். அவன் அடிபட்ட அன்று வண்டியில் இருந்த சக்கரக் கட்டை அவனுடையதும் இல்லை, அவன் ஓனருடையதும் இல்லை, நம் கடையில் வாடகைக்கு எடுத்தது என்று சொல்லப்போகிறேன் என்றேன். நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாய்.

"அந்த கேட்ல செக்கிங் எடுத்து நடத்துனது எந்த கான்ட்ராக்ட்னு தெரியுமாம்மா? இப்ப என்னை எடுத்துக்கீறது அதே ஆளுங்கதான்."

"தெரியும்டா."

"தெரிஞ்சுகினேவா? மூணு வருஷம் சும்மாதான இருந்த? இன்னும் ஆறு மாசம் இருக்க முடியாதா? கன்ஃபர்ம் ஆவட்டும், அப்புறம் போய் இன்னா வேணா சொல்லிக்க."

உன் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில், "ரெண்டு பேரும் மொதல்ல சாப்புடுங்க" என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடியாது, ஏழுமலை பக்கத்துச் சாட்சிகளுக்கு இந்தப் புதன்தான் கடைசி என்று நான் உனக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் மூணு வருஷம் சும்மாதான இருந்த என்று நீ கேட்டது அப்படியே நெஞ்சில் நின்றுவிட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மீதியையும் சொல்லியாக வேண்டும். அன்று நான் உன்னிடம் பாதிதான் சொன்னேன். கட்டை நம்முடையது என்று சொன்னேன். அது அந்தச் சாயங்காலம் ஏன் அவனிடம் இல்லை என்று சொல்லவில்லை.

இந்தக் கடையை நான் திறந்தபோது இங்கே ஜெராக்ஸும் பேனாவும் கவர் ஃபைலும்தான் இருந்தன. பி.காம். படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, வாசலுக்கு நேர் எதிரே ஒரு பெட்டிக்கடை அளவு இடம் கிடைத்ததே பெரிதாக இருந்தது. டிரைவர்கள் பில்லையும் ஆர்.சி. புத்தகத்தையும் நகல் எடுக்க வருவார்கள். ஒரு நாள் நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர், அப்பா வயது இருக்கும், ரப்பர் செருப்போடு வாசலில் நின்றார். சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். காலையில் வந்தவர் மத்தியானம்வரை அந்த வெயிலில் வண்டியின் நிழலில் குந்தியிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. உன் அப்பாவின் பழைய ஷூவை வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். போய்விட்டு வந்து திருப்பிக் கொடுத்தவர், ஷூவுக்குள் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துக் கொடுத்தார். தொடங்கியது அப்படித்தான் தம்பி. இரக்கத்தில்தான் தொடங்கியது. ஆனால் மறுநாள் இன்னொருவர் வந்து கேட்டபோது வாடகை சொன்னேன். அந்த இடைவெளி ஒரே ஒரு ராத்திரிதான்.

பிறகு ஹெல்மெட் வந்தது, பளபளக்கும் பட்டை தைத்த ஜாக்கெட் வந்தது, பின்னால் போகும்போது கத்துகிற ரிவர்ஸ் ஹாரன்கூட ஒயரோடு இரண்டு வந்தது. கடைசியாகக் கட்டை. வண்டியில் சரக்கு ஏற்றி இறக்கும்போது உருண்டுவிடாமல் இருக்க சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற முக்கோணக் கட்டை, வண்டிக்கு இரண்டு இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று வாசலில் புதிதாக ஒரு விதி போட்டார்கள். நல்ல விதி. யாரோ ஒருவர் அடிபட்ட பிறகுதான் போட்டிருப்பார்கள். ஓனர்கள் அதை வாங்கித் தரவில்லை. வாங்கித் தந்தவர்களின் கட்டைகளும் வழியில் திருடு போயின. உன் அப்பா தன் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பேக்கிங் மரத்தைக் கேட்டு வாங்கி வந்து, வல்லத்தில் ஒரு தச்சரிடம் எட்டு கட்டைகள் அறுத்து வாங்கித் தந்தார். நாலு ஜோடி. நீ பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தாய். கலந்துபோகாமல் இருக்க எண் போடு என்று சொன்னேன். மஞ்சள் பெயின்ட்டில் ஒன்று முதல் எட்டுவரை அழகாக எழுதினாய். ஏழுக்கு மட்டும் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்டாய். ஒன்றோடு குழம்பக்கூடாது என்று கணக்கு வாத்தியார் சொன்னாராம். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "ஏம்மா, அவங்களே வாங்கிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாய். "அவங்களே வாங்கிட்டா நமக்கு இங்க என்னடா வேலை?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நீயும் சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓடியது. வாசலில் சோதனை பார்த்த முருகேசன் தென்காசிக்காரர். டீ குடிக்க இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கிண்டல். "ஏக்கா, உங்க ஏழாம் நம்பரு காலைலருந்து நாலாவது தடவையா உள்ள வருதுல்லா. வண்டிய விட அதுதான் அதிகமா ஓடுது. பேசாம அதுக்கு ஒரு ஐடி கார்டு போட்டுருவமா?" நான் அவருக்கு டீயோடு ஒரு வடையும் சொல்வேன். அவருக்குத் தெரியும், அவருக்கு மேலே இருப்பவருக்குத் தெரியும், டிரைவர்களுக்குத் தெரியும். அவருடைய சோதனைத் தாளில் கட்டைக்கு 'வீல் சோக்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தால் எல்லோருக்கும் அன்றைய வேலை முடிந்தது. உள்ளே இருக்கிற இரண்டு மணி நேரம் வண்டி உருளாது. வெளியே வந்த பிறகு அந்த வண்டி எங்கே எப்படி நிற்கும் என்பதற்குத் தாளில் கட்டம் இல்லை.

ரோட்டில் நடக்கிற சோதனையும் அப்படித்தான் ஆகியிருந்தது. டிரைவர்கள் என் கடைப் பலகையில் உட்கார்ந்து பேசுவதை வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்பார்கள், திறந்து பார்க்கமாட்டார்கள். உள்ளே பீடிக்கட்டும் சீப்பும் இருக்கும். தீயணைப்பு உருளை இருக்கும், பல வருஷத்துக்கு முன்னால் நிரப்பியதாக இருக்கும். வண்டித் தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போகும் அன்று நல்ல டயர் மாட்டிக்கொண்டு போய்விட்டு, மறுநாள் பழையதை மாட்டிக்கொள்ளும் வண்டிகள் உண்டு. டிரைவர்கள் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதே. தங்கள் உயிர் தொங்குகிற வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களைவிட யாருக்கும் தெரியாது. கிளட்ச் சத்தம் மாறினால் தூக்கத்தில்கூட எழுந்து உட்காருவார்கள். ஆனால் வண்டி அவர்களுடையது இல்லை. ஓனரிடம் சொன்னால், இந்த நடை போய்ட்டு வா பாத்துக்கலாம் என்பார். அந்த 'இந்த நடை' முடிவதே இல்லை.

ஏழுமலை உனக்குத் தெரிந்தவன்தான். செய்யாறு பக்கம். நீ பாலிடெக்னிக் போன நாட்களில் மழை பெய்தால், ஸ்ரீபெரும்புதூர்வரை கேபினில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவான். கண்ணாடிக்கு மேலே அவன் பெண் குழந்தையின் பள்ளிக்கூட போட்டோவை ஒட்டியிருந்தான். வாசலில் கட்டை கேட்க வரும்போது நம்பர் சொல்லித்தான் கேட்பான். "இன்னாக்கா, ஏழு கீதா?" என்பான். எண் ஏழும் எட்டும் ஒரு ஜோடி. தன் பெயரில் ஏழு இருப்பதால் அதுதான் தனக்கு ராசி என்பான். வேறு ஜோடி கொடுத்தால் முகம் சுருங்கும். "இது வேற எவன் வூட்டு மாப்ளைக்கோ குடு. எனக்கு என் ஏழு வோணும்" என்று தகராறு பண்ணுவான். அவன் வண்டியில் ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதை அவனே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். ஓனரிடம் சொல்லிச் சொல்லி அலுத்து, சமமான இடம் பார்த்து நிறுத்தக் கற்றுக்கொண்டுவிட்டான்.

கட்டையைத் திருப்பிக் கொண்டுவராமல் போய்விடக்கூடாது என்பதற்காக நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஷூவுக்கு எதுவும் கேட்பதில்லை. கட்டைக்கு மட்டும் டிரைவிங் லைசென்ஸை வாங்கி டிராயரில் வைத்துக்கொள்வேன். கட்டையை வைத்தால் லைசென்ஸ். அந்த யோசனை எனக்கு வந்தபோது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வானம் மூடியிருந்தது. ஏழுமலை சரக்கை இறக்கிவிட்டு வெளியே வந்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தான். கட்டைகள் இரண்டையும் மேசைமேல் வைக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாளு ஏழையும் எட்டையும் நான் வச்சிக்கட்டா? காலைல வந்து குடுத்துர்றேன்."

"எதுக்கு?"

"ரிட்டர்ன் லோடு சொல்லிட்டாங்க. பாலத்து எறக்கத்துல க்யூவுல நிக்கணும். விடியங்காட்டியும் நிக்கணுமோ இன்னாமோ. ஹேண்ட்பிரேக்கு சுத்தமா இல்லக்கா."

கடை வாசலில் மூன்று டிரைவர்கள் கட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற ஜோடிகள் எல்லாம் உள்ளே போயிருந்தன. "முடியாது ஏழுமலை. மூணு வண்டி நிக்குது பாரு" என்றேன்.

"லைசென்ஸ நீயே வச்சிக்கோக்கா. கட்டைய மட்டும் குடு."

அதற்கு நான் சொன்னதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை. "லைசென்ஸ் இல்லாம ரோட்டுல போவியா? காலைலருந்து டோல்கேட்டுகிட்ட செக்கிங் நிக்குதாம். புடிச்சா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன். அவன்மேல் அக்கறை இருப்பவள் மாதிரி கேட்டேன். அக்கறையும் கொஞ்சம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதைவிட, காத்திருந்த மூன்று பேரை அனுப்ப வேண்டும் என்பது அதிகமாக இருந்தது. அவன் கட்டைகளை இன்னும் இறுக்கிக்கொண்டான். வரிசையில் நின்ற ஒருவன், "யோவ், கட்டைய கட்டிகினா தூங்கப்போற? வையா கீழ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தான். கட்டைகளை மேசைமேல் வைத்தான். நான் டிராயரைத் திறந்து லைசென்ஸைக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு போனான். ரோட்டில் கேட்கும் தாள் அவனிடம் இருந்தது. வண்டியைப் பிடித்து நிறுத்தும் பொருள் என்னிடம் இருந்தது.

ஆறு மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. பாலத்து இறக்கத்தில் வரிசையில் நிறுத்திவிட்டு, தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க அவன் கீழே இறங்கியிருக்கிறான். மேட்டைப் பார்த்து நின்ற வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்திருக்கிறது. பின்னால் நின்ற வண்டிக்கும் இதற்கும் நடுவே ஆட்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். கத்திக்கொண்டே ஓடிப்போய் ரோட்டோரம் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்கப் பார்த்திருக்கிறான். ஈரத்தில் கல் வழுக்கியது. வலது கால் சக்கரத்தின் கீழே போயிற்று. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குக் கால் போன அந்த நேரத்தில் ஏழாம் எண் கட்டை, வாசலுக்குள் இன்னொருவன் வண்டியின் சமதரையில் பத்திரமாகச் சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

இதுவரைக்கும் நடந்ததைக்கூட, தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதற்குப் பிறகு செய்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. பத்து நாள் கழித்து இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் வண்டி ஓனரின் ஆள். இன்னொருவர் வாசல் சோதனை கான்ட்ராக்டைச் சேர்ந்தவர், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. "இங்க வீல் கட்டை வாடகைக்கு விடறீங்களாமே மேடம்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். எட்டு கட்டைகளையும் நான் முந்தின நாளே ஏ-ஃபோர் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். "ஷூ, ஹெல்மெட் மட்டும்தான் சார்" என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்தப் பதில்தான் அவருக்கும் வேண்டியிருந்தது. அதற்குமேல் ஒரு கேள்விகூடக் கேட்காமல் போய்விட்டார்கள். நீ அப்போது கடைசி செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தாய். உனக்காகத்தான் பொய் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை உன் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை. கடையை மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் சொன்னேன், அவ்வளவுதான். கட்டை வாடகையை ஒரு மாதம் நிறுத்திவைத்தேன். பக்கத்துக் கடைக்காரர் ஆரம்பித்தார். நானும் மறுபடி ஆரம்பித்தேன். லைசென்ஸ் வாங்கி வைப்பதையும் சேர்த்துத்தான்.

ஏழுமலையை ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். அவன் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தம்பி பரீட்ச எப்பக்கா?" என்று உன்னைத்தான் கேட்டான். அதற்குப் பிறகு போக எனக்குக் கால் வரவில்லை.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவள், யூனிஃபாரத்தோடு வந்திருந்தாள். ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து நாலு செட் போடச் சொன்னாள். அவள் ஏழுமலையின் மனைவி கலா என்று முதல் தாளில் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நஷ்டஈட்டு வழக்கின் தாள்கள். ஓனர் தரப்பு சொல்லியிருந்ததைப் படித்தேன். வண்டியில் கட்டை இருந்தது, வாசல் சோதனைத் தாளே அதற்குச் சாட்சி, இருந்தும் டிரைவர் வேண்டுமென்றே அதைப் பயன்படுத்தவில்லை, ஆகவே குற்றம் அவருடையது. அதற்கு ஆதாரமாக அன்று மத்தியானம் வாசலில் போனில் எடுத்த படம் இணைக்கப்பட்டிருந்தது. மெஷினிலிருந்து அந்தப் படம் சூடாக வெளியே வந்தது. கறுப்பு வெள்ளையில்கூடத் தெளிவாகத் தெரிந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டை, கட்டையில் ஏழு, ஏழின் நடுவில் குறுக்குக் கோடு. உன் கை, தம்பி.

நாலு முறை அந்தத் தாள் வந்தது. கலா எதிரில் நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள். "கட்டை இருந்துச்சாம், இவுருதான் போடலியாம். ஏன் போடலன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. நானே திட்டிட்டேன்க்கா. ஒரு கட்டைய எடுத்துப் போட ஒனக்கு இன்னா கேடுன்னு திட்டிட்டேன்" என்றாள். எனக்கு ஸ்டேப்ளர் இரண்டு முறை தவறிப் போயிற்று. மூன்று வருஷமாக அவன் வீட்டுக்குள்ளும் அவனையே குற்றவாளியாக்கியது என் கடைப் பொருள். அது அவன் வண்டியில் இல்லவே இல்லை என்று வாசல் தாள் சொல்லியிருந்தால், ஏன் வாங்கித் தரவில்லை என்ற கேள்வி ஓனரிடம் போயிருக்கும். நான் வாடகைக்குக் கொடுத்த இரண்டு மணி நேரம், அவன்மேல் நிரந்தரமான ஒரு டிக்காக விழுந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரம் போனேன். ஏழுமலை அங்கே ஒரு லாட்ஜில் சாவி கொடுத்து வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் தங்கும் இடம். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, ரூம் வோணுமா? ஏழாம் நம்பரு காலியாத்தான் கீது" என்றான். நான் சிரிக்கவில்லை என்றதும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

"ஏன் ஏழுமலை சொல்லல? கட்டை என்னுதுன்னு ஏன் சொல்லல?"

"சொல்லி? தாள்ல டிக் கீது, படம் கீது. நீ இல்லன்னு சொல்லிட்டன்னு வேற கேள்விப்பட்டேன். நான் சொன்னா எவன் நம்புவான்?"

அவனே தொடர்ந்தான். "அப்புறம், அத்தச் சொன்னா வாடகைக்கட்டை சமாச்சாரமே மொத்தமா நின்னுடும்க்கா. அத்தினி டிரைவரும் வாசல்ல காயணும். என் சாதி சனம் மாதிரி அவனுங்க. வுடு."

"நான் வந்து சொல்லட்டுமா?"

ஒரு பையன் வந்து சாவி கேட்டான், கொடுத்தான். பிறகு என்னைப் பார்க்காமல், "நீ வந்தா நல்லதுதான். என் பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. அவ கேக்கறா, நீ ஏம்பா கட்டைய போடலன்னு" என்றான். அந்தக் கண்ணாடிக்கு மேலே இருந்த போட்டோவின் பெண்தான். அவனுக்குப் பணம் வருமா வராதா என்பது எனக்குத் தெரியாது. வக்கீல் உறுதியாக எதுவும் சொல்லவில்லையாம். ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல அவனிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் என்னிடம் இருக்கிறது.

நான் சாட்சி சொன்னால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. சேருவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சேர்ந்த பிறகு ஏதாவது சாக்கில் அனுப்பலாம். நீ என்மேல் கோபமாக இருப்பாய், இருந்துகொள். அம்மா என் வேலையைக் கெடுத்தாள் என்று நீ யாரிடம் சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் நான் போகாமல் இருந்து, நீ அந்த வாசலில் நின்று, முதல் நாளே மஞ்சள் எண் போட்ட ஒரு கட்டை உன் முன்னால் வந்தால் என்ன செய்வாய்? எதிர்க்கடையில் நான் உட்கார்ந்திருக்க, நீ டிக் போடுவாய். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த வேலையோ வேறு ஒரு வாசலோ, நீ எங்கே நின்று வண்டி பார்த்தாலும் சிலதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். டிரைவரைப் பார்த்துக் கத்தாதே. அவன் இரண்டு நாள் தூங்காமல் வந்திருப்பான். தாளை நிரப்புவதற்கு முன்னால் அவனிடம், வண்டி எப்படிண்ணே இருக்கு, எங்க பிடிக்கல என்று கேள். யாரும் கேட்காத கேள்வி என்பதால் முதலில் சந்தேகமாகப் பார்ப்பான், பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். கட்டை இருக்கிறதா என்று கேட்காதே, வெளியே போனதும் இதை எங்கே வைப்பீர்கள் என்று கேள். இல்லை என்றால் இல்லை என்றே எழுது. அவனைத் திருப்பி அனுப்புவதற்காக எழுதாதே, அவன் ஓனருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுது. தாளின் அடியில் 'குறிப்பு' என்று இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள். நான் ஆயிரக்கணக்கில் அந்தத் தாள்களை நகல் எடுத்திருக்கிறேன், அந்த இரண்டு வரியில் யாரும் எதுவும் எழுதி நான் பார்த்ததே இல்லை. ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று ஏழுமலையின் தாளில் அன்று யாராவது எழுதியிருந்தால் போதும். முருகேசன் கெட்டவர் இல்லை. நானும் கெட்டவள் என்று நினைத்து வாழவில்லை. எல்லோரும் அவரவர் கட்டத்தை மட்டும் பார்த்தோம்.

அப்பாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உனக்கு எழுதுவதையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு, "அந்த மரம் நான் குடுத்ததுதான்" என்றார். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு என்கூட வருகிறார்.

ஏழையும் எட்டையும் துணிப்பையில் எடுத்துக்கொண்டு போகிறேன். கேட்டால் காட்டுவேன். அதை யார் எழுதியது என்று கேட்டால், என் மகன், பதினாறு வயதில், நான் சொல்லித்தான் எழுதினான் என்று சொல்வேன். பெயின்ட் தேய்ந்திருக்கிறது, ஆனால் குறுக்குக் கோடு நன்றாகத் தெரிகிறது.

சாம்பார் அடுப்புமேல் இருக்கும், சூடு பண்ணிக்கொள். வெயில் ஏறுவதற்குள் கடையைத் திறந்துவிடு. டோனர் மாற்றியிருக்கிறேன். 'வாடகைக்கு' என்று எழுதிய அட்டையைக் கழற்றிவிட்டேன். மிச்சம் ஆறு கட்டைகள் மேசைக்கு அடியில் இருக்கின்றன. கேட்டு வந்தால் கொடு. லைசென்ஸ் வாங்கி வைக்காதே. எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்காதே. அவர்கள் வண்டியிலேயே இருக்கட்டும்.

அம்மா